சவர்த் தண்ணீர் என்று சொன்னவனுக்கு

மகனே,

உன் கலியாண அழைப்பிதழ் வந்து சேர்ந்தது. தடித்த கடதாசி, பொன் எழுத்து, உள்ளே என் பெயரும் காலமாகிவிட்ட உன் அப்பாவின் பெயரும். கொண்டுவந்து தந்த உன் சிநேகிதன் தேத்தண்ணீர் குடித்து முடித்தான். எழும்பிப் போகிற நேரத்தில்தான், நீ சொல்லிவிட்டதைத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். உன் தங்கையைக் கலியாணத்துக்குக் கூட்டிவர வேண்டாமாம். மண்டபத்தில் அவள் அடிக்கடி எழும்பி வெளியே போனால் பெண்வீட்டார் ஏன் என்று கேட்பார்களாம். நல்ல பிள்ளை அவன், அவனுக்கு வியர்த்துவிட்டது. உன் தங்கை குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவன் வைத்துவிட்டுப் போன கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

பிள்ளைக்குக் கலியாணம் என்றால் பெற்றவர்கள் புத்திமதி சொல்லிக் கடிதம் எழுதுவார்கள். இடையிடையே தாங்கள் விட்ட பிழைகளையும் சொல்லிக் கண் கலங்குவார்கள். அதை என்னிடம் எதிர்பாராதே. என் பிழைகளை நான் அம்மன் வாசலில் சொல்லிக்கொள்வேன். இது நீ செய்ததைப் பற்றிய கடிதம். தபாலில் போட்டால் பாதியிலே கிழித்துவிடுவாய் என்று தெரிந்துதான் எங்கள் வாசிகசாலையின் ஆண்டு மலருக்குக் கொடுக்கிறேன். உன் கலியாணத்துக்கு முந்திய கிழமை மலர் வெளிவருமாம். கொழும்புக்கும் பிரதிகள் போகுமாம். நன்றாகப் போகட்டும்.

உன் அப்பாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவரைப் பற்றியும் நீ பொய் சொல்லியிருக்கிறாய். பெண்வீட்டாருக்கு அவர் நெருப்புக் காய்ச்சலில் செத்தார் என்று சொன்னாயாம். ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் தீவில் சரவணை ஊர் ஆண்கள் பலர் தெற்கே கடைகளில் நின்றார்கள். உன் அப்பாவும் நின்றார். பகலில் கல்லாவடியில் நிற்பதும் இரவில் கடையின் பின்னறையில், மூடைகளுக்கு நடுவே, பத்துப் பேரின் மூச்சுக்குள் படுப்பதும்தான் அவர்களுடைய சீவியம். அங்கிருந்து அவர் சம்பளத்தோடு சயரோகத்தையும் கொண்டுவந்தார். அது சத்தமான வருத்தம், நாலு வளவுக்கு அப்பாலும் இருமல் கேட்கும். மறைக்க வேண்டும் என்று நினைத்தாலும் எங்களால் மறைத்திருக்க ஏலாது. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். உன் தங்கை தவழ்கிற பிள்ளை, அப்பாவின் நெஞ்சில் படுத்தால்தான் நித்திரை கொள்வாள். தூக்கி எடுத்தால் வீரிட்டு அழுவாள், அவரும் விடமாட்டார்.

பிறகு சுகாதாரப் பரிசோதகர் சைக்கிளில் வந்தார். பாயை வெயிலில் போடச் சொன்னார், துப்புவதற்கு மூடியுள்ள பேணி வைக்கச் சொன்னார், எங்கள் எல்லோரையும் பட்டணத்துக்குப் போய் நெஞ்சைப் படம் எடுக்கச் சொன்னார். தன் கடமையைத்தான் செய்தார். ஆனால் அவருடைய சைக்கிள் எங்கள் படலையில் சாத்தியிருந்ததை ஊர் பார்த்துவிட்டது. அடுத்தநாள் கோயிலடி நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு உன்னை அனுப்பினேன். நீ வெறும் வாளியோடு திரும்பி வந்தாய். பிறகு நான் போனபோதுதான், எங்கள் வீட்டு வாளி அந்தக் கிணற்றில் இறங்கக் கூடாது என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அன்றிலிருந்து எங்கள் வளவுக் கிணற்றின் உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீரைத்தான் குடித்தோம். அப்பாவைச் சயரோக ஆஸ்பத்திரியில் வைத்து ஊசி போட்டார்கள், இருமல் நின்றது, உடம்பும் தேறியது. சுகம் வந்துவிட்டது என்று மருந்தை விட்டுவிட்டுக் கடைக்குப் போனார். அடுத்த தடவை வந்தபோது அவரைக் கைத்தாங்கலாகத்தான் இறக்கினார்கள். அந்த வருஷமே போய்விட்டார்.

நீ டொக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று நின்றபோது அப்பாவை நினைத்துத்தான் சொல்கிறாய் என்று நம்பினேன். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். இப்போது யோசித்தால் நீ அந்த வெறும் வாளியை நினைத்துத்தான் படித்திருக்கிறாய். இனி ஒருவனும் உன்னைக் கிணற்றடியிலிருந்து திருப்பி அனுப்பக் கூடாது, அவ்வளவுதான் உனக்கு வேண்டியிருந்தது. அந்தச் சின்னப் பிள்ளைக்காக எனக்கு இப்போதும் மனம் நோகிறது. ஆனால் அந்த வாளியை நீ வளர்ந்தபிறகு உன் தங்கையின் கையில் கொடுத்தாயே, அதற்கு என்னிடம் மன்னிப்பு இல்லை.

அவளுக்கு முதலில் சலக்கடுப்புத்தான் வந்தது. அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போக வேண்டும், போனால் எரியும், போய்விட்டு வந்து இருந்தால் மறுபடியும் போக வேண்டும். தீவில் இதை ஒருவரும் வருத்தமாக எண்ணுவதில்லை என்பது உனக்குத் தெரியும். வயிறு எரிந்தாலும் சலம் எரிந்தாலும் சவர்த் தண்ணீர்தான் காரணம். பார்லி அவித்துக் குடி, நீர்முள்ளி அவித்துக் குடி, இளநீர் குடி, வெந்தயம் ஊறப்போடு என்று ஆளுக்கு ஆள் சொல்வார்கள். எல்லாம் கொடுத்தேன். நீ லீவில் வந்தபோது உனக்குச் சொன்னேன். அவளை நாலு கேள்வி கேட்டாய். உன் தோற்பைக்குள் இருந்து குளிசை எடுத்துக் கொடுத்தாய். "சவர்த் தண்ணி குடிச்சா இப்பிடித்தான் வரும். நிறையக் குடி, சுகம் வரும்" என்றாய். ஊர் சொன்னதையே டொக்டரும் சொன்னபிறகு நான் யாரிடம் போவேன்? ஒவ்வொரு லீவுக்கும் வந்தாய், ஒவ்வொரு தடவையும் வேறு நிறத்தில் குளிசை தந்தாய். சில நாள் குறைந்திருக்கும், பிறகு பழையபடி எரியும். சலத்தில் இரத்தம் கண்டதாக அவள் அழுதுகொண்டு சொன்ன நேரம் உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆனாலும் நீ சொன்னது என்ன? வெளியில் சொல்ல வேண்டாம், கலியாணம் பேசுகிற பிள்ளை. அவளுக்காகத்தான் சொல்கிறாய் என்று நினைத்து உன் அக்கறையை மெச்சிக்கொண்டேன்.

பிறகு எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் உன்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஊரின் முதல் டொக்டர், தீவுப்பகுதி நோயாளிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர் என்று மாலை போட்டார்கள். எனக்கும் உன் தங்கைக்கும் முன் வரிசையில் கதிரை. நீ நன்றாகத்தான் பேசினாய், சும்மா சொல்லக் கூடாது. முந்தி இந்த வருத்தம் தெற்கே கடைகளில் நின்ற ஆண்களின் நெஞ்சில் இருந்தது, இருமலாக வெளியே வந்தது, ஊசியும் மருந்தும் வந்தபிறகு அது குறைந்துவிட்டது என்றாய். ஆனால் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது என்றாய். அந்த ஆண்களுடைய வீடுகளில் குழந்தையாக இருந்தவர்களின் உடம்புக்குள் கிருமி ஓசையில்லாமல் பல வருஷம் கிடந்து, இப்போது சிறுநீரகத்திலும் சலப்பையிலும் தலைகாட்டுகிறது, தீவை விட்டு ஒருநாளும் வெளியே போகாத பெண்களுக்கு வருகிறது, இருமல் இல்லை, அதனால் ஒருவரும் சந்தேகப்படுவதில்லை என்றாய். வழமையான குளிசைக்குச் சில நாள் அடங்கித் திரும்பத் திரும்ப வருகிற சலக்கடுப்பு என்றால் சவர்த் தண்ணீர் என்று எண்ணாமல் உடனே சோதிக்க வேண்டும், அடையாளம் இதுதான், ஆள் ஒரு இடத்தில் இருக்க மாட்டார், எழும்பி எழும்பிப் போவார் என்றாய்.

நீ அதைச் சொல்லும்போது உன் தங்கை எழும்பினாள். அவளால் அடக்க ஏலாது. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்து வெளியே போனாள். நீ மேடையில் நின்று பார்த்தாய். தண்ணீர்க் கிளாசை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்து பேசினாய். இவர்கள் ஏன் காலம் கடந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்று நீயே கேட்டு, எங்கள் மக்களின் அறியாமை என்று நீயே பதிலும் சொன்னாய். சனம் கைதட்டியது. நீ முடிப்பதற்குள் அவள் இன்னொரு தடவையும் எழும்பிப் போய் வந்தாள். நான் கைதட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உன்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். அன்று நடந்த கதையை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

"உனக்கு இது எப்ப தெரியும்?"

"சந்தேகம்தான் அம்மா. நிச்சயம் இல்லை."

"சந்தேகம் எண்டா ஏன் சோதிக்கேல்லை?"

"சோதிச்சா கிளினிக்கில பேர் பதிய வேணும். பேர் பதிஞ்சா வீட்டுக்கு ஆள் வருவினம். அப்பாவின்ர கதை திரும்பவும் எழும்பும். கலியாணம் முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"ஆரின்ர கலியாணம்?"

நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உனக்குக் கொழும்பில் சம்பந்தம் பேசி முடியப்போகிறது என்பதை அந்த நிமிஷம்வரை எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அவளுக்கென்று ஒரு சாதகக் குறிப்பும் எங்கேயும் கொடுக்கவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. தங்கை இருக்கத் தமையன் கட்டுவதா என்று பெண்வீட்டார் கேட்டார்களாம். அவளுக்குக் கலியாணத்தில் விருப்பமில்லை, சமயத்தில் பக்தி கூட என்று சொன்னாயாம். மகனே, அவளுக்குப் பக்தி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிள்ளையாருக்கு மோதகம் அவித்தால் சுவாமிக்குப் படைக்க முதலே ஒன்றை வாய்க்குள் போடுகிறவள்.

அடுத்த கிழமையே அவளைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போனேன். மூன்று நாள் விடியற்காலையில் முதலில் போகிற சலத்தைப் போத்திலில் எடுத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். மூன்று நாளும் முதல் பஸ். தீவுச் சனம் பட்டணத்துக்குப் போனால் கையில் எண்ணெய்ப் போத்திலோ பால் போத்திலோ இல்லாமல் போவதில்லை, உனக்குத் தெரியும். பண்ணைப் பாலத்தில் பஸ் குலுங்கினபோது பக்கத்தில் இருந்த மனிசி என் மடியில் போத்திலோடு இருந்த பனையோலைப் பையை எட்டிப் பார்த்து, "நல்லெண்ணெயோ அக்கா?" என்றாள். உன் தங்கை என் கையைக் கிள்ளினாள். நீ இருந்திருந்தால் ஓம் என்றிருப்பாய். நான் சொன்னேன், "பிள்ளையின்ர சலம். சயரோகமோ எண்டு சோதிக்கக் கொண்டுபோறன். நீர் எங்க போறீர்?" ஒருத்தி எழும்பிப்போய் முன்னால் நின்றாள். ஆனால் என் பக்கத்தில் இருந்தவள் எழும்பவில்லை. கொஞ்ச நேரம் வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் காதுக்குள் குனிந்து, தன் மகளுக்கும் ஒரு வருஷமாக எரிவு, பார்லித் தண்ணீர் கொடுக்கிறாள், அந்தக் கிளினிக் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். மூன்றாம் நாள் அவளும் மகளோடு வந்தாள். உன் மாலை போட்ட பேச்சைக் கேட்டு ஒருத்தரும் வந்ததாக நான் அறியவில்லை.

சோதனையில் சயரோகம்தான். நரம்பில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். இடப்பக்கத்துச் சிறுநீரகம் செத்துப்போயிற்று, சலப்பையும் சுருங்கிவிட்டது என்றார்கள். இன்னும் முந்தி வந்திருந்தால் குளிசையோடும் ஊசியோடும் காப்பாற்றியிருக்கலாம் என்று அங்கிருந்த பெரிய டொக்டர் சொன்னார். ஏன் இவ்வளவு காலம் வீட்டில் வைத்திருந்தீர்கள் என்று என்னை ஏசினார். அவர் ஏசியதைக் கேட்டுக்கொண்டு நின்றேன், உன் பெயரைச் சொல்லவில்லை. அறியாத சனம் என்று அவரும் எண்ணிக்கொண்டார். மருந்தைத் தொடங்கிக் கொஞ்சக் காலத்தில் அந்தச் சிறுநீரகத்தை வெட்டி எடுத்தார்கள்.

அவள் ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தபோது நீ ஒரேயொரு தடவை வந்தாய். உன்னோடு படித்த டொக்டர்கள் இருவரோடு கதைத்துக்கொண்டு வந்து, அவளுடைய கட்டிலின் கால்மாட்டில் நின்று, தொங்கின அட்டையைப் பார்த்தாய். அவள் உன்னைக் கண்டதும் எழும்பி இருக்கப் பார்த்தாள். நீ கையைக் காட்டி, படுத்திருக்கும்படி சொன்னாய். பக்கத்துக் கட்டில் மனிசி, இந்தப் பிள்ளையை எப்போது வீட்டுக்கு விடுவீர்கள் டொக்டர் என்று உன்னைக் கேட்டாள். காயம் ஆறியதும் விடுவார்கள் என்று சொல்லிவிட்டு அவர்களோடு போய்விட்டாய். கூட வந்தவர்களுக்கு இது என் தங்கை என்று ஒரு சொல் சொல்லவில்லை. நீ போனபின் அந்த மனிசி அவளிடம், வந்த டொக்டர் உங்களுக்குத் தெரிந்தவரோ என்று விசாரித்தாள். உன் தங்கை இல்லை என்று தலையாட்டினாள். உன் மானத்தை அந்தக் காயத்தோடு கிடந்தும் அவள்தான் காப்பாற்றினாள். மாலையில் நீ அனுப்பிய முந்திரிகைப் பழமும் ஹோர்லிக்ஸும் வந்தன. பழத்தைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்தேன்.

இப்போது அவள் மருந்தை ஒருநாள் தவறாமல் விழுங்குகிறாள். அப்பா மாதிரிச் சுகம் வந்துவிட்டது என்று நடுவில் விட்டுவிட மாட்டாள், நான் விடவும் மாட்டேன். எரிவு நின்றுவிட்டது, முகத்தில் இரத்தம் ஓடுகிறது. ஆனால் சுருங்கின சலப்பை விரியாதாம், இனி அவள் அடிக்கடி எழும்பிப் போய்க்கொண்டுதான் இருப்பாள். சுகாதாரப் பரிசோதகர் இந்தத் தடவையும் வந்தார். சைக்கிளைப் படலையில் சாத்த வேண்டாம், எல்லோரும் பார்க்க உள்ளே கொண்டுவந்து முற்றத்தில் விடுங்கோ என்று சொன்னேன். அயலட்டையில் இரண்டொருவர் வருவதை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் வருகிறார்கள், தேத்தண்ணீரும் குடிக்கிறார்கள். வெளியே தெரிந்தால் இடிந்துவிடும் என்று நீ பயந்த வீடு நின்ற இடத்தில்தான் நிற்கிறது.

இதை எழுதத் தொடங்க முன் அவளிடம் கேட்டேன். அவளுடைய உடம்பைப் பற்றிய கதை, அவள் வேண்டாம் என்றால் ஒரு எழுத்தும் எழுதியிருக்க மாட்டேன். அடுத்தநாள் அரிசி அரித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள், "எழுதுங்கோ அம்மா. ஆனா ஒரு தீவுப் பெண் எண்டு எழுதாதேங்கோ. அண்ணை மேடையில அப்பிடித்தான் சொன்னவர். என்ர பேரைப் போடுங்கோ." அவளுடைய பெயர் புவனேஸ்வரி. இப்போது உன் திட்டங்களில் அவளுக்கு இடமில்லாமல் போனாலும், அந்தப் பெயரை அவள் பிறந்தபோது தெரிவுசெய்தவன் நீதான். நாங்கள் வேறு பெயர் வைக்க இருந்தோம். நீ அழுது அடம்பிடித்து அந்தப் பெயரை வைப்பித்தாய்.

புத்திமதி ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றேன், ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ கட்டப்போகிற பிள்ளையை நான் கண்டதில்லை, அதன்மேல் எனக்குக் கோபமும் இல்லை. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு வருத்தம் வந்தால் ஊருக்குத் தெரியாமல் உன் தோற்பைக்குள் இருந்து குளிசை எடுத்துக் கொடுக்காதே. பேர் பதிகிற இடத்துக்குக் கூட்டிப்போ. அதுக்கு உனக்குத் துணிவு இல்லையென்றால் இப்போதே அவர்களிடம் சொல்லிவிடு, வேறு மாப்பிள்ளை பார்க்கட்டும்.

நாங்கள் கலியாணத்துக்கு வருகிறோம். இருவரும் வருகிறோம், அவளுக்கு நீலத்தில் ஒரு சேலை எடுத்திருக்கிறேன். சடங்கு நடக்கும்போது அவள் எழும்பி வெளியே போவாள். திரும்பி வந்து இருப்பாள், மறுபடியும் எழும்புவாள். உன் மாமியார் ஏன் என்று கேட்டால் நான் காரணம் சொல்ல மாட்டேன், அவளும் சொல்ல மாட்டாள். அதற்கான பதிலை மணவறையில் இருக்கிற டொக்டரைக் கேட்கச் சொல்வேன். இந்தத் தடவை தண்ணீர்க் கிளாசை எடுக்காமல் சொல். ஆகவே முன் வரிசையில் எங்களுக்கு இரண்டு கதிரை விட்டுவை. ஓரத்துக் கதிரை புவனேஸ்வரிக்கு. அவள் போய்வர வழி வேண்டும்.

உன் அம்மா